நிலவறையில் ஒரு பகிடி

வியன்னாவில் எனக்கு முதலில் குமட்டியது ஒரு கழிப்பறையில். சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கதவைத் தள்ளியதும் வால்ட்ஸ் இசை. சுவருக்குள் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். வயலின்கள் சுழன்று சுழன்று இசைக்க, ஒரு பெண் மூத்திர நாற்றத்தின் நடுவே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது என் அறைத்தோழி, பிரேசில் நாட்டுக்காரி, கைகொட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மன்னார் பள்ளிமுனையில், கத்தோலிக்கக் கோயில் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் இசை படித்துக்கொண்டிருந்தபோது, சேர்ந்திசைப் பயிற்சி ஒன்றுக்காகச் சில கிழமைகள் வியன்னாவில் தங்கும் வாய்ப்பு கிடைத்தது. நாங்கள் படித்த இசையெல்லாம் பிறந்த நகரம் என்று மனதுக்குள் ஒரு பயபக்தியோடுதான் போயிருந்தேன். முதல் ஞாயிறு விடுமுறை. காலைப் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் ஊர் பார்க்கக் கிளம்பினோம்.

எந்தச் சந்தியில் திரும்பினாலும் ஒரே இசையமைப்பாளரின் முகம். சொக்லேட்டில், குடையில், காலுறையில், ரப்பர் வாத்தில்கூட. பொய்முடியும் சிவப்பு மேலங்கியும் போட்ட ஆட்கள் வழிமறித்து இசைநிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றார்கள். ஒருவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். வெயிலில் அந்தப் பொய்முடிக்குள்ளிருந்து வியர்வை நாடிவரை வழிந்தது.

“நீளமான பகுதியெல்லாம் வெட்டிவிட்டோம். உங்களுக்குத் தெரிந்த மெட்டுகள் மட்டும்தான். சலிக்கவே சலிக்காது,” என்றார்.

அவர்கள் வெட்டி எறிந்த நீளமான பகுதிகளைத்தான் நான் மாதக்கணக்காக உட்கார்ந்து படித்திருந்தேன். கையை உதறிக்கொண்டு நடந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு தோழி ஒரு பழைய தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாள். அதன் அடியில் நிலவறைகள் இருக்கின்றன, குளிர்ச்சியாக இருக்கும் என்றாள். என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. வழிகாட்டி ஒருவர் எங்களை உள்ளே விட்டு, பின்னால் கதவைப் பூட்டினார். படிகள் இறங்கின. இரண்டு அறைகள் வெறுமையாக இருந்தன. மூன்றாவது அறையில் கம்பிக்குப் பின்னால், விறகு அடுக்கியதுபோல எலும்புகள். தொடையெலும்புகள் ஒரு பக்கம், மண்டையோடுகள் ஒரு பக்கம், கூரைவரைக்கும்.

கொள்ளைநோயில் இறந்தவர்கள் என்றார் வழிகாட்டி. “இவர்கள் வாடகை கேட்டால் தருவதில்லை, சத்தமும் போடுவதில்லை. நல்ல குடித்தனக்காரர்கள்.” கூட்டம் சிரித்தது. முன்னால் நின்ற ஒருவர் கம்பிக்குள் கைபேசியை நுழைத்து, ஒரு மண்டையோட்டின் கன்னத்தோடு தன் கன்னம் வருமாறு படம் எடுத்தார்.

நான் கம்பியிலிருந்து விலகி நின்றேன்.

மன்னார் நகர வாசலில், கட்டடம் கட்டத் தோண்டிய நிலத்திலிருந்து மனித எலும்புகள் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வேலியடிக்குப் போவார். அம்மாவின் தம்பி போரின் கடைசிக் காலத்தில் காணாமற்போனவர். உள்ளே வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் தூரிகையால் மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். கிட்டப் போக விடமாட்டார்கள். அம்மாவைப் போல வந்த பெண்கள் வேலிக் கண்ணுக்குள்ளால் பார்த்தபடி நிற்பார்கள். ஒருவரும் கதைக்கமாட்டார்கள். அந்த எலும்புகள் பல நூற்றாண்டுகள் பழையவை என்று பிறகு ஒரு பரிசோதனை முடிவு வந்தது. அம்மா அதை நம்பவில்லை.

நிலவறையில் வழிகாட்டி கைகளைத் தட்டிக் காட்டினார். “எதிரொலி கேட்டீர்களா? யாருக்காவது பாட வருமா?”

“இவள் பாடகி!” என்று தோழி என்னை முன்னுக்குத் தள்ளினாள்.

“அருமை. ஒரு பாட்டுப் பாடி இவர்களை எழுப்பிவிடுங்கள்.”

“மாட்டேன்,” என்றேன். “நீங்களும் இப்படிக் கதைக்காதீர்கள். இவர்கள் செத்துப்போன மனிதர்கள்.”

அவர் முகம் சுருங்கவில்லை. “எல்லாம் பல நூறு வருடம் பழையது,” என்றார். கூட்டத்தில் ஒருவர் எலும்புகளைப் பார்த்துப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடினார். மறுபடியும் சிரிப்பு. தோழியும் சிரித்தாள். எனக்குத் திரும்பி மேலே ஓட வேண்டும்போல இருந்தது. கதவு பூட்டியிருந்தது. கடைசி அறை முடியும்வரை அவர்களோடேயே நடந்தேன். வெளி வாசலில் வழிகாட்டி தொப்பியை நீட்டிக்கொண்டு நின்றார். அதைத் தாண்டிப் போய், தேவாலயச் சுவரோரமாகக் குனிந்து, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தேன்.

தங்குமிடத்துக்கு வந்தபோது அம்மா காணொளியில் அழைத்தார். பள்ளிமுனையில் இருட்டிவிட்டிருந்தது.

“என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு? சாப்பிட்டனியே?”

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா மெதுவாகக் கேட்டார்.

“கிட்டப் போய்ப் பாக்க விடுகினமோ?”

“ஓம் அம்மா. காசு குடுத்தால் ஆரும் போகலாம்.”

“நீ ஒண்டும் பாடேல்லையே?”

“என்னெண்டு பாடுறது? அந்தாள் பகிடிக்கெல்லோ கேட்டவர்.”

“அவர் என்னத்துக்குக் கேட்டால் என்ன. நீ பாடியிருக்கலாம். அதுகளுக்கு ஆர் பாடினது?”

எனக்குக் கோபம் வந்தது. “நீங்கள் அங்க நிண்டிருந்தால் இப்பிடிச் சொல்லமாட்டீங்கள்,” என்றேன்.

“நான் வேலியடியில நிண்டனான்தானே, பிள்ளை,” என்றார் அம்மா.

கொஞ்ச நேரத்தில் அழைப்பை வைத்துவிட்டோம். அம்மா சொன்னதை இன்றும் நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் குரலும் ஒரு வேடிக்கையாகத்தான் போயிருக்கும்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் அரண்மனை பார்க்கப் போனார்கள். தோழி என்னையும் கூப்பிட்டாள். தலையிடி என்று சொல்லிவிட்டேன். அறையில் தனியே இருந்து, நிலவறைக்குப் போட்டுப்போன சப்பாத்தைப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத் தூசி ஒட்டியிருந்தது. அது எதன் தூசி என்று யோசிக்க விருப்பமில்லாமல், குழாயைத் திறந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.