தாத்தாவுக்கு ஓர் இலை

தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைத்து, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருப்போம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டித் திறந்து, அந்தச் சாப்பாட்டை நாங்களே சாப்பிடுவோம். என் அப்பாவுக்குப் படைப்பதில் பிரச்சினையே இல்லை. வறுத்த நெத்திலி, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், ஒரு பெட்டி சிகரெட். உயிரோடு இருந்தபோது திட்டித் திட்டி ஒளித்து வைத்ததையெல்லாம் இப்போது நானே வாங்கி வைக்கிறேன்.

அம்மாவின் அப்பாவுக்கு மட்டும் இலை போட்டதே இல்லை. யுத்தத்தில் ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் இந்தத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன ஆட்களில் அவரும் ஒருவர். அம்மா அப்போது வயிற்றில். அவர் திரும்பவில்லை, செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அம்மாவைப் பெற்றவள் சாகும்வரை பொட்டும் பூவுமாகத்தான் கொழுந்து பறிக்கப் போனாள். யாராவது படையல் பேச்சை எடுத்தால், "செத்தத நீ பாத்தியா?" என்று ஒரே கேள்வி.

அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில் மரவள்ளிக் கஞ்சி குடித்து வளர்ந்தவள் அம்மா. கால்கள் வளைந்தே போயின. அந்தக் கால்களோடுதான் இந்தச் சரிவுகளில் கூடை சுமந்தாள். இன்றும் கிழங்கு வேகும் வாசனை பட்டால் எழுந்து போய்விடுவாள்.

நான் ஒருமுறை சயாமுக்கு டூர் போனேன். அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கற்கள், வெட்டிவிட்ட புல், பூச்செடி. நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கற்களில் எங்கள் ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. எரிச்சலில் ஒரு போட்டோகூட எடுக்காமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருடம் டாக்டர், அம்மாவின் இருதயம் களைத்துவிட்டது, குளிரில் விடாதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "இந்த வாட்டி எங்கப்பாவுக்கும் எல போட்டுரலாம்மா. நானும் போய்ட்டா அப்படி ஒரு ஆளு இருந்தாருன்னே யாருக்குத் தெரியும்?"

"என்னா சமைக்கிறது? அவருக்கு என்னா புடிக்கும்?"

ஒரு போட்டோகூட இல்லாத மனிதர். அவருக்குப் பிடித்தது தெரிந்த ஒரே ஆளான பாட்டியும் சொல்லாமலே போய்விட்டாள்.

நான் பிரிஞ்சாங் டவுனில் ஆட்டிறைச்சி வாங்கி வந்தேன். கறி பிடிக்காத ஆம்பளை எங்கே இருக்கிறான் என்பது என் கணக்கு. அம்மா கறிச்சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"சோறு போதும்லா. அங்க வயித்துக்குச் சோறு கெடச்சிருக்காது."

இலை கொள்ளாமல் வெள்ளைச் சோற்றைத் தன் கையாலேயே குவித்தாள். கதவருகே வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"சாத்திட்டா செத்துட்டாருன்னு ஆயிரும்ல," என்றாள். பிறகு, "நீயே சாத்து."

சாத்தினேன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மேட்டிலிருந்து பனி இறங்கித் தேயிலையை மூடியது. அம்மாவின் உதடு நீலம் பாரித்தது. கதவைத் தட்ட எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா. மெதுவா சாப்பிடட்டும். எத்தன நாள் பசியோ."

என் சுவெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். உண்மையில் எனக்கும் திறக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அப்பாவின் இலையில் எல்லாம் வைத்தது வைத்தபடியேதான் இருக்கும்; சிரித்துப் பேசிக்கொண்டே எடுத்துச் சாப்பிட்டுவிடுவோம். இந்தச் சோறும் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்க்கும் துணிச்சல் எங்கள் இருவருக்கும் இல்லை.