மச்சானுக்குப் பழக்கிய பதில்கள்

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு மரக்கறிக் கடையின் பின்பக்கம், சாமான் இறக்கி முடிந்த டெலிவரி வானுக்குள் இருந்துகொண்டுதான் என் தங்கச்சியின் புருசனுக்கு விவாகரத்துப் பழக்கினேன். அவன் இருந்தது அமெரிக்காவில், ஓஹாயோவில். எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவனுக்கு விடிந்துகொண்டிருக்கும். தங்கச்சி வேலைக்கு வெளிக்கிடமுன் போனை அவன் முன்னால் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள்.

"மனிசியோட சேர்ந்து வாழ விருப்பமோ?" என்று கேட்பேன்.

"இல்லை."

"ஏன்?"

"கறிக்கு உப்புக் கூடப் போடுறாள்."

"டேய், பகிடி விடாத. ஒத்துவரேல்லை எண்டு சொல்லு."

"ஒத்துவரேல்லை. உப்பும் கூட."

வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பான். மற்றப் பக்கம் ஸ்ட்ரோக்கில் போய்விட்டது.

ஜேர்மனியில் அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். என் தங்கச்சியை அவனுக்குப் பேசியதே நான்தான். பிறகு அமெரிக்க விசாக் குலுக்கலில் அவனுடைய பெயர் விழுந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நான் ஒல்லாந்து, பிரான்ஸ் என்று சுற்றி லண்டனுக்கு வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்கு எந்த நாட்டிலும் ஒரே வேலைதான். தூக்கு, இறக்கு, ஓட்டு. இரண்டு வருசம் ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் கடிக்கத் தொடங்கிவிடும்.

மச்சான் அப்படி இல்லை. ஒரே சாமான் கிடங்கில் ஒரே வேலையில் நிலைத்து நின்றவன். அந்த வேலைதான் அவனுக்கும் மனிசிக்கும் மகளுக்கும் வைத்தியக் காப்புறுதி கொடுத்தது. அங்கே வேலைதான் ஆஸ்பத்திரி. ஒரு பனிக்காலம் வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கம்பெனி கொஞ்சக் காலம் பார்த்தது, பிறகு வேறு ஆளைப் போட்டது. வேலை போன கையோடு காப்புறுதியும் போனது.

தங்கச்சி ஒரு பேக்கரியில் பெட்டி அடைக்கிற வேலை செய்தாள். அந்த வேலைக்குக் காப்புறுதி இல்லை. ஏழைகளுக்கென்று மாநிலம் கொடுக்கிற காப்புறுதி ஒன்று இருந்தது. ஆனால் புருசன் மனிசி வருமானத்தைச் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். அவளுடைய சம்பளம் அதற்குக் கூடிப்போய்விட்டது. காசு கட்டி வாங்குகிற காப்புறுதிக்கோ அது காணாது.

காலைத் தூக்கி வைக்கத் தொடங்கின நேரத்தில்தான் காசில்லாமல் மச்சானின் நடைப் பயிற்சி நின்றது. தொடர்ந்து செய்தால் நடப்பான், விட்டால் கால் இறுகிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தங்கச்சி பிரசர் குளிசையை மரக்கறிக் கத்தியால் பாதியாக வெட்டிக் கொடுத்தாள். நீண்ட நாளைக்கு வரட்டும் என்று.

அவர்களுடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். இங்கிலீஷ் கதைக்கிற வேலையெல்லாம் அவளுடையது. அவள்தான் ஆஸ்பத்திரியில் காப்புறுதி அலுவலுக்கு உதவி செய்கிற பெண் ஒருத்தியிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாளாம்: "இதைச் செய் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் உன் அப்பா தனி ஆளாக இருந்திருந்தால் மாநிலம் எப்போதோ அவரைப் பொறுப்பெடுத்திருக்கும்."

தங்கச்சி எனக்குப் போன் எடுத்து அழுதாள்.

"அண்ணை, உயிரோட இருக்கிற மனிசனை எப்பிடி நான் விட்டிட்டன் எண்டு சொல்லுறது?"

"ஆரடி விடச் சொன்னது? பேப்பர்தானே."

எங்கள் ஆட்களுக்கு அது புதினமில்லை. என் பாஸ்போட்டில் இருக்கிற பிறந்த திகதி என்னுடையது இல்லை. ஒல்லாந்தில் விசாவுக்காக ஒரு பெண்ணைப் பேப்பரில் கட்டியிருந்தேன். எல்லாம் முடிந்த அன்று இரண்டு பேரும் ஒரு கோப்பி குடித்துவிட்டு அவரவர் பஸ்ஸில் ஏறிப் போனோம். பேப்பரில் ஒன்றை எழுதிவிட்டு வீட்டில் வேறொன்றாக வாழலாம் என்பதை நாங்கள் பார்த்துப் பழகியிருந்தோம்.

அதுதான் பழக்கும் பொறுப்பை நான் எடுத்தேன். முகாமில் விசாரணைக்குப் போகிற பெடியளுக்கு நான்தான் கதை பழக்கி விடுவது. விதி ஒன்றுதான். கேட்டதற்கு மட்டும் பதில், சின்னதாக. கேட்காததைச் சொல்லப் போனால் பிடிபடுவாய். மச்சானும் அந்த நாளில் என்னிடம் படித்தவன்தான்.

"அப்ப நான் இனி டிவோர்ஸ் எடுத்த ஆக்களின்ர பிள்ளையோ, மாமா?" என்று மகள் போனுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்பாள்.

"ஓம். ஆரோட இருக்கப் போறாய் எண்டு யோசிச்சு வை."

"உப்புக் குறைவாப் போடுற ஆளோட" என்பான் மச்சான்.

விவாகரத்துக் கோட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். சேர்ந்து வாழ ஏலாதா என்று நீதிபதி கேட்க, மச்சான் "ஒத்துவரேல்லை" என்றான். யாராவது வற்புறுத்தினார்களா என்றதற்கு "இல்லை" என்றான். எல்லாம் பழக்கினபடி. அதோடு முடிந்திருக்க வேண்டும். போகலாம் என்று சொன்ன நேரம், ஒருவரும் கேட்காமலே அவன் தமிழில் சொன்னான்: "என்னால இவவுக்கு இனி ஒரு பிரியோசனமும் இல்லை. இவ தன்ர பாட்டில போகட்டும்." மொழிபெயர்ப்பாளர் அதையும் இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி தலையாட்டினார்.

"நல்லா நடிச்சார் அண்ணை" என்றாள் தங்கச்சி. "காரில வரேக்க சொன்னன். மனிசன் சிரிக்கேல்லை, வெளியால பாத்துக்கொண்டு வந்தார்."

நான் அப்போது மோர்டனில் ஒரு கடைக்கு அரிசி மூட்டை இறக்கிக்கொண்டு நின்றேன். மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ பேருக்குக் கதை பழக்கியிருக்கிறேன். பழக்கின கதையைச் சொல்லுகிறவன் கேட்காததைச் சொல்ல மாட்டான். பயம் விடாது. கேட்காமலே வாயைத் திறக்கிறவன் தன்னுடைய உண்மையைத்தான் சொல்லுகிறான். அதை நான் தங்கச்சிக்குச் சொல்லவில்லை.

காப்புறுதி வந்தது. குளிசை முழுதாக வந்தது. பயிற்சிக்காரரும் வீட்டுக்கு வந்தார். ஆனால் கால் இறுகிப்போய்விட்டது. நடக்கிறதெல்லாம் இனிச் சரிவராது என்று அவர் நேரே சொல்லிவிட்டார். அதன்பிறகு மாநிலத்து ஆட்கள் வந்து, வீட்டுக்கு உதவியாள் அனுப்பவா, இல்லை பராமரிப்பு நிலையத்தில் இடம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். மச்சானைத்தான் கேட்டார்கள். தங்கச்சி பேக்கரியில். இருந்திருந்தாலும் அவளைக் கேட்கத் தேவையில்லை. அவர்களுக்கு அவள் அந்த வீட்டில் இருக்கிற ஒரு பெண், அவ்வளவுதான்.

மச்சான் "நிலையம்" என்று சொல்லி, இடது கையால் கையெழுத்து வைத்தான்.

நான் போன் எடுத்துக் கத்தினேன். "மச்சான், உனக்கென்ன விசரோ? அது பேப்பருக்குத்தானே செய்தது!"

"நீதானே பழக்கினாய். நான் சரியாச் சொன்னனோ இல்லையோ?"

"சரியாத்தான் சொன்னாய்."

"பிறகென்ன? வேலையால வந்து என்ர மலசலம் அள்ளுறாள். அவளுக்கு இன்னும் வயசிருக்கு. நீ உன்ர வானை ஓட்டு."

தங்கச்சி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், மகளை விட்டுக் கதைக்கச் சொன்னாள். ஒன்றுக்கும் அவன் அசையவில்லை. நான் நேரே போய் நின்று கதைத்திருக்கலாம். ஆனால் எனக்கு அமெரிக்க விசா கிடைக்காது. பழைய நாடுகடத்தல் ஒன்று என் பெயரில் இருக்கிறது.

செய்தி லண்டனுக்கு என்னைவிட வேகமாக வந்தது. மோர்டன் கடைக்காரர் மூட்டையை எண்ணிக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி மனிசனை விட்டிட்டாவாம்?"

"பேப்பரில மட்டும், அண்ணை."

"கலியாணமும் பேப்பரிலதானே, தம்பி."

போன வருசம் எனக்கு இங்கே ஹேர்னியா ஒப்பரேசன் நடந்தது. மாதக்கணக்காகக் காத்திருந்தேன், ஆஸ்பத்திரி நடையில் தள்ளுகட்டிலிலும் கிடந்தேன். ஆனால் என் சம்பளத்தை ஒருவரும் கேட்கவில்லை. மனிசி இருக்கிறாளா என்றும் கேட்கவில்லை. அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. பிளேஸ்டோவில் நான் இருக்கிற அறையின் வீட்டுக்காரர் பெயரைக் கொடுத்தேன். அப்படிக் கிடக்கும்போது மச்சானைத்தான் நினைத்தேன். மனிசியும் பிள்ளையும் இருந்தும் என்னைப் போலத் தனி ஆளாகிப் போனான். நான் பழக்கின பதிலைச் சொல்லித்தான் ஆனான்.

தங்கச்சி ஒவ்வொரு ஞாயிறும் போகிறாள். பார்க்க வருகிறவர்களுக்கென்று போட்ட கதிரையில் இருக்கிறாள். தாலியை இன்னும் கழற்றவில்லை. ஒரு நாள் மச்சான் கண்டுவிட்டு, "உது என்னத்துக்கு?" என்றானாம். அதற்குப் பிறகு அங்கே போகும்போது கழுத்துவரை ஜக்கெட்டின் சிப்பை இழுத்து விடுகிறாள். உப்புக் குறைத்து மீன் கறி காய்ச்சிக்கொண்டு போகிறாள். தாதிமார் காணாத நேரம் அவனுக்குத் தீத்துகிறாள். அவன் சாப்பிடுகிறான்.

போன ஞாயிறு அங்கிருந்து எனக்கு வீடியோக் கோல் எடுத்தாள். போனை மச்சானின் மேசையில் சாய்த்து வைத்தாள். அவனுடைய முகம் இன்னும் சுருங்கியிருந்தது.

"கறி எப்பிடி?" என்றேன்.

"உப்புக் காணாது."

தங்கச்சி கோப்பையைக் கழுவப் போவதாகச் சொல்லி வெளியே போனாள். கதவு சாத்தின சத்தம் கேட்டது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, பழைய மாதிரிக் கேட்டேன்.

"மனிசியோட சேர்ந்து வாழ விருப்பமோ?"

"இல்லை" என்று சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பைப் பற்றி ஏதாவது பகிடி வரும் என்றும் நினைத்தேன். அவன் கதவைப் பார்த்தான். வாயின் ஒரு பக்கம் அசைந்தது, நின்றது. தாடையில் வழிந்ததை இடது கையால் துடைத்தான்.

"அவள் வரப்போறாள்" என்றான். "வேற கதையைக் கதை."