லமினேற் செய்த கச்சேரித் தாள்

கீழ்வீட்டுக் கிழவரின் ஊன்றுகோல் என் இடது புருவத்தைப் பிளந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதை நான் விழவிடவில்லை. கோலைப் பறித்தெறிந்துவிட்டு, அவருடைய சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். எண்பத்தைந்து வயது மனிதர். மூக்குக்கண்ணாடி என் சப்பாத்தின் கீழ் நொறுங்கியது. எனக்குக் கொதி வந்தால் வயதும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது.

மனைவி படியால் ஓடிவந்து என் கையில் தொங்கினாள். "உங்களுக்கென்ன விசரே? கிழவன் செத்துப்போச்செண்டால் மறியலுக்குள்ளைதான் கிடப்பியள். விடுங்கோ!"

விட்டேன். பிழை என்னுடையதுதான், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஒஸ்லோப் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக இருப்பவர் அவர். இளவயதில் ஒஸ்லோ நகர நடுவில் ஒரு நிலவறை ஜாஸ் கிளப்பில் மேசை துடைத்தவர். ஒருநாள் அமெரிக்காவிலிருந்து வந்த குழுவின் ட்ரம்ஸ்காரர் காய்ச்சலில் விழ, இவர் மேடையேறி அடித்தாராம். நிகழ்ச்சித் தாளில் மற்ற நால்வரும் கையெழுத்திட்டு, இவரைப் பற்றி ஒரு வரியும் எழுதிக் கொடுத்தார்களாம். தாள் தொலைந்துபோனது. வேறு சாட்சி இல்லை. சொந்த மகனே அவரைப் புளுகன் என்றுதான் நினைத்திருந்தான்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் கட்டட நிலவறையில் அவருடைய பழைய பெட்டியொன்றுக்குள் அந்தத் தாள் அகப்பட்டது. ஈரம் ஊறி, மடிப்புகளில் கிழிந்திருந்தது. "ஈஸ்டருக்கு மகன் பேர்கனிலிருந்து வருகிறான், பார்க்கட்டும்!" என்று சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: பிறப்புச் சான்றிதழோ கலியாண எழுத்தோ, கையில் கிடைத்ததும் பிளாஸ்டிக் உறைக்குள் சூட்டில் ஒட்டி லமினேற் செய்துவிடுவோம். இடம்பெயர்ந்து ஓடியபோது என் சான்றிதழ்கள் மழையில் கூழானதைப் பார்த்தவன் நான். தாருங்கள், இனி யாராலும் அழிக்க முடியாது என்று வாங்கிப் போனேன். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்து இயந்திரம் ஈரம் காயாத அந்தத் தாளை இழுத்தது, பாதியில் சிக்கியது, சூட்டில் கருகிய பிளாஸ்டிக்காகச் சுருட்டித் துப்பியது. ஒளித்து வைக்க மனம் வரவில்லை. நேரே கொண்டுபோய் நீட்டினேன். அப்போது விழுந்ததுதான் அந்த அடி.

ஈஸ்டருக்கு மகன் வந்தான். "வாழ்நாள் முழுவதும் இதே பொய்!" என்று அவன் கத்தியது எங்கள் தரைக்குள்ளால் கேட்டது. கோப்பைகள் உடைந்தன. ஓடிப்போய்ப் பார்த்தால், கருகிய பிளாஸ்டிக்கைத் தகப்பனின் முகத்தில் வீசியிருக்கிறான். விளிம்பு கீறிக் கிழவரின் உதட்டில் இரத்தம்.

எனக்குப் பற்றியெரிந்தது. அவனுடைய கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கதவில் மோதினேன். ஒருதரமல்ல, இரண்டுதரம்.

"அதை எரித்தவன் நான்! எரிக்குமுன் வாசித்தவனும் நான்!"

"அப்படியென்றால் என்ன எழுதியிருந்தது, சொல்!" என்று மூச்சுத் திணறக் கேட்டான்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்று எங்கள் மானத்தைக் காப்பாற்றியவன் இந்தப் பையன்."

அவன் திமிறுவதை நிறுத்தித் தகப்பனைப் பார்த்தான். மூன்று வாரமாக என் முகத்தில் முழிக்காத கிழவர், உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ஆம். அதே சொற்கள்" என்றார்.

கூட்டெழுத்து இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வராது. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.