நோட்டீஸ் ஒட்டியாயிற்று

நாடகக் குழுவில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கட்டியிருக்கும் ஏப்ரன் முழுக்க ஊசியும் சேஃப்டி பின்னும் குத்தியிருக்கும். பாசத்தில் கட்டிப்பிடித்தவர்கள் இரண்டாவது முறை பிடித்ததில்லை. மேடைக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில்தான் இஸ்திரிப் பெட்டியோடும் வியர்வை நாற்றம் ஏறிய ராஜ உடைகளோடும் அவள் காலம் கழிந்தது. நாடகத்தின் நடுவே கதாநாயகன் சிம்மாசனத்திலிருந்து இறங்கி உள்ளே ஓடி வருவான். விளக்கு அணைந்து எரிவதற்குள் ராஜாவைப் பிச்சைக்காரனாக்கி வெளியே தள்ளிவிடுவாள்.

வீட்டில் அவள் சம்பாத்தியம் மட்டும்தான். லாரி ஓட்டிய கணவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. வாய் மட்டும் நன்றாக இருந்தது.

குழுவில் ஒரு பழக்கம் உண்டு. நாடகத்தை எப்போது நிறுத்துவார்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டால் வாய் முகூர்த்தம் பலித்துவிடும் என்று பயம். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். நிறுத்துவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே பின்வாசல் பலகையில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஆளாளுக்கு உள்ளே வரும்போது பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். நோட்டீஸ் இல்லையென்றால் பிழைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

சிறுவர் நாடகம் நடத்தும் ஓர் அம்மா, எல்லோரும் டீச்சர் என்பார்கள், ஒருநாள் அந்த அறைக்குத் தேடி வந்தாள்.

"எங்ககிட்ட வந்துருங்கக்கா. நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க, இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

வீட்டில் கணவர், "போயேன். ராஜாவுக்குக் கொக்கி மாட்டி என்னத்தக் கண்ட? முயல்குட்டிக்கு வால் தச்சுக் கொடு" என்றார்.

"வால் தைக்கிறது லேசுன்னு நினைச்சீங்களா?"

"உனக்கு எல்லாமே கஷ்டம்தான், என்னத் தவிர."

"நீங்கதாங்க முதல் கஷ்டம்!"

ஓடுகிற நாடகத்தை அந்தரத்தில் விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. பலகையைப் போய்ப் பார்த்தாள். நூறாவது காட்சிக் கொண்டாட்டத்தின் பெரிய போஸ்டர்தான் கண்ணில் பட்டது. நேராகக் கேட்க முடியாதே, சுற்றிவளைத்து மேனேஜரிடம் கேட்டாள்.

"ராஜா அங்கிக்கு உள்துணி நைஞ்சுபோச்சு சார். புதுசு போடவா?"

"தாராளமா போடுக்கா. நல்ல துணியாவே வாங்கு. நம்ம நாடகம் ஓடுற குதிரையாச்சே!"

பக்கத்தில் தலை சீவிக்கொண்டிருந்த கதாநாயகனும் சிரித்தான். "அக்கா போயிட்டா நான் அம்மணமாத்தான் மேடையேறணும்."

வெள்ளிக்கிழமை டீச்சரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாவி மகள், அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து அந்த அங்கிக்குக் கையாலேயே உள்துணி தைத்தாள்.

மறுநாள் மாலை உள்ளே வரும்போது போஸ்டரின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. சரிசெய்யலாம் என்று தூக்கினாள். அடியில் நோட்டீஸ்! ஞாயிற்றுக்கிழமையோடு நாடகம் முடிகிறது. தேதியும் சரியாக இரண்டு வாரம் முன்னதாகவே போடப்பட்டிருந்தது. நாளைதான் அந்த ஞாயிறு.

மேனேஜரிடம் போய் நின்றாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"விதிப்படி ஒட்டியாச்சுல்ல?"

"அதுமேல எதுக்கு சார் போஸ்டர்?"

"பலகையில எடம் இல்லக்கா."

"பாதிப் பலகை காலியாக் கெடக்கு."

"தெரிஞ்சா ஆளுக்கொரு பக்கம் வேல தேடி ஓடிருவீங்க. அப்புறம் கடைசி வாரத்தை யாரு ஓட்டுறது?"

"அப்போ அந்த உள்துணி?"

"வேணாம்னு சொல்லியிருந்தா நீ மோப்பம் புடிச்சிருப்பியேக்கா!" என்று பெரிய சாமர்த்தியம் செய்தவர்போலப் பல்லைக் காட்டினார். "நம்ம ஹீரோ தம்பிக்குக்கூடத் தெரியும். அவரு வாயத் தொறந்தாரா, பாரு."

அவளுக்கு அழுகை வந்திருந்தால்கூடத் தேவலாம்.

வெளியே வந்து டீச்சருக்குப் போன் போட்டாள்.

"உங்க வாயாலதானேக்கா வேணாம்னீங்க? நேத்தே ஒரு பொண்ணச் சேத்துட்டேன். காலையிலேருந்து வேல பாக்குறா. அவள எப்படிப் போகச் சொல்றது?"

விஷயத்தைக் கேட்ட கணவர் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. அதுதான் அவளை அதிகமாகக் கலக்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். எல்லா உடையும் நேரத்துக்கு மாறியது. ஒரு பொத்தான்கூடத் தவறவில்லை. கதாநாயகனின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவே இல்லை.

நாடகம் முடிந்ததும் அவன் அவள் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்தான். "இவங்க எனக்கு அம்மா மாதிரி!" என்று கூட்டத்துக்கு அறிவித்தான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குத் தெரியும்ல தம்பி?" என்றாள் தணிந்த குரலில்.

அவன் புன்னகை கலையவில்லை. "அப்புறம் பேசலாம்க்கா. சிரிங்க, எல்லாரும் பாக்குறாங்க."

அவள் கையை உருவிக்கொண்டாள். எச்சில் இலையைத் தொட்டுவிட்டதுபோல, அத்தனை பேர் பார்க்க அந்தக் கையை ஏப்ரனில் அழுத்தித் துடைத்தாள். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பின்வாசலில் மேனேஜர் மறித்தார். "எங்கக்கா கெளம்பிட்ட? உடையெல்லாம் மடிச்சுப் பெட்டியில வைக்கணும். காலையில லாரி வருது."

"ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா வச்சிருப்பேன்."

ஏப்ரனை அவிழ்த்து அவர் கையில் திணித்தாள். குத்தியதோ என்னவோ, "ஆ!" என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனைச் சாக்கடையில் ஒருமுறை காறித் துப்பிவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.