கம்ப்யூட்டர் உடைத்த கால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அண்ணன் கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள சிரம்பானில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய கணினிகளைக் கழித்துக்கட்டியபோது ஒன்றைக் கேட்டு வாங்கி, அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, மீன்காரரின் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரந்தாவ் பக்கத்தில் இருந்த எங்கள் செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் யார் வீட்டிலும் அதற்கு முன் கணினி இருந்ததில்லை. கணக்கெழுதும் ஆபீஸ் கிராணிகூட அப்போது தட்டச்சு இயந்திரத்தைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குக் கணினியில் நெத்திலி வாடை அடித்தது.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான ஆறாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்தேன். அண்ணன் வேலைக்குப் போய்விடுவார். ஆகவே அந்த இயந்திரம் அவரைவிட என்னிடம்தான் அதிகம் ஒட்டிக்கொண்டது.

அண்ணனின் நண்பர் கொடுத்த டிஸ்க்கில் ஒரு காற்பந்து விளையாட்டு இருந்தது. அதில் நாம் பந்தை உதைக்க முடியாது. நாம் குழுவின் நிர்வாகி. யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது என்று முடிவு செய்யலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் வேகம், உதை, துணிச்சல் என்று இருபதுக்குள் எண்கள் இருக்கும். அந்த எண்களை வைத்துக் கணினியே ஆட்டத்தை நடத்தி, யார் கோல் போட்டார், யாருக்கு அடிபட்டது என்று வரிவரியாகத் திரையில் எழுதும். உள்ளே டிஸ்க் சுற்றும்போது கோழி தரையைக் கிளறுவதுபோல் ஒரு சத்தம் வரும். சத்தம் நீண்டால் கோல் விழப்போகிறது என்று நாங்களாகவே நம்பிக்கொண்டோம்.

விளையாட்டில் இருந்தவை எல்லாம் இங்கிலாந்துக் குழுக்கள். ஆனால் பெயர்களையும் எண்களையும் மாற்றுவதற்கு இன்னொரு டிஸ்க் கிடைத்தது. அன்றைக்கே அண்ணனுக்கு அந்த யோசனை வந்துவிட்டது. அவர் எங்கள் தோட்டக் குழுவின் நடுத்திடல் ஆட்டக்காரர், செயலாளரும் அவரே. ஆண்டுதோறும் ரந்தாவ், பெடாஸ், கோலா சாவா பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் ஒரு கிண்ணத்துக்காக ஒன்றோடொன்று மோதும். எல்லாக் குழுக்களையும் கணினிக்குள் ஏற்றிவிட்டால், வரப்போகும் போட்டிப் பருவம் எப்படி முடியும் என்று இப்போதே பார்த்துவிடலாமே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொத்தக் குழுவும் எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் எண்ணைச் சொல்வார், நான் தட்டுவேன். ஓர் ஆளுக்கு எண் போடுவது இவ்வளவு பெரிய சண்டையாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு வேகம் பதினொண்ணா? நான் என்ன மாட்டு வண்டியா?" என்று எழுந்து நின்றார் வலது ஓரத்தில் ஓடுபவர்.

"போன வருசம் பெடாஸ்ல நீ ஓடுனத பாத்துட்டுத்தான் போட்டேன்லா," என்றார் அண்ணன்.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்!"

"காய்ச்சலுக்குத் தனியா நம்பர் இல்ல. ஒக்காரு."

ஒருவர் மட்டும் எந்த எண்ணுக்கும் சண்டை போடவில்லை. அவர் எங்கள் கோல்கீப்பர். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநர். முப்பதைத் தாண்டியவர், நெடுநெடு என்று உயரம். "ஒனக்கு எது சரின்னு படுதோ போடு தம்பி," என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

சாயங்காலம் பருவத்தை ஓடவிட்டோம். முதல் ஆட்டம் சமநிலை. இரண்டாவதில் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் திரையில் ஒரு வரி வந்தது: கோல்கீப்பரின் கால் உடைந்தது, இந்தப் பருவம் முழுக்க ஆட முடியாது. கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். அதன்பிறகு மாற்று கோல்கீப்பர் கோல்களாக வாங்கிக் குவித்தார். பட்டியலின் அடியில் போய் எங்கள் தோட்டம் உட்கார்ந்தது.

மறுநாள் காலை பெரட்டில், அதாவது ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடத்தில், இதைத் தவிர வேறு பேச்சே இல்லையாம். மத்தியானத்துக்குள் செய்தி வளர்ந்துவிட்டது.

சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றவர் கோல்கீப்பரின் மனைவி. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"தங்கச்சி, எங்க வீட்டுக்காரரு காலு ஒடஞ்சிரும்னு ஒங்க கம்ப்யூட்டர் சொல்லிச்சாமே?"

"அது சும்மா வெளையாட்டுக்கா."

"கால் ஒடையறது ஒங்களுக்கு வெளையாட்டா?"

அவரை உள்ளே உட்காரவைத்து அம்மா தேநீர் கொடுத்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த அக்காவின் சொந்த அண்ணனுக்கு இளவயதில் பெடாஸ் திடலில் ஆடும்போது கால் முறிந்துவிட்டது. சரியாகக் கூடவில்லை. இன்றும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அதிலிருந்து இவர் காற்பந்துத் திடல் பக்கமே போனதில்லை. கல்யாணமான பிறகு, புருஷனுக்குப் பந்தாட்டம்தான் உயிர் என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இப்போது கணினியே சொல்லிவிட்டது.

"பூட்ஸ ஆட்டுக் கொட்டாய்ல ஒளிச்சி வெச்சிட்டேன். அவரு வீடெல்லாம் தேடிக்கிட்டு இருக்காரு," என்றார்.

வேலை முடிந்து வந்த அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஆட்டத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மாற்று கோல்கீப்பரை நம்பி இறங்க யாரும் தயாராக இல்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. மறுநாள் அக்காவை வரச்சொல்லி, அவர் கண்ணெதிரே பருவத்தைத் திரும்பவும் ஓடவிட்டேன். திரையில் இருந்தது ஆங்கிலம். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மூன்றாவது ஆட்டம் வந்தது, போனது. கால் உடையவில்லை. எங்கள் குழு பட்டியலின் மேல்பாதியில் முடித்தது.

"அப்ப எதுதான் நெசம்?"

"ரெண்டும் இல்லக்கா. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வரும்."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறது. அதுக்கு எதுக்கு இத்தன எழுத்து?"

திரையை நோக்கிக் கையை நீட்டி, "இன்னொரு தடவ வுடு," என்றார்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து குளித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். மடியில் அவித்த கச்சான் கடலை இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பருவம். முதலில் தரையில் உட்கார்ந்தவர் முக்காலிக்கு மாறினார். அப்புறம் விசையை அவரே தட்ட ஆரம்பித்தார். ஒரு பருவத்தில் நாங்கள் கிண்ணம் வென்றோம். அன்று அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இன்னொரு பருவத்தில் கணினி கோல்கீப்பரை கோலா சாவா குழுவுக்கு விற்றுவிட்டது.

"யாரக் கேட்டு வித்தாங்க? புள்ளைங்க ஸ்கூலு இங்க இருக்குது!" என்று அவர் கத்தியதில் அடுத்த வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

ஒருநாள், தன் புருஷன் பெயருக்கு நேரே இருக்கும் எண்கள் என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன். வேகம் குறைவு. உதை பரவாயில்லை. துணிச்சல் இருபது.

"எத்தனைக்கு?"

"இருபதுக்கு."

"வேற யாருக்கு இருபது போட்டீங்க?"

"யாருக்கும் இல்லக்கா."

கச்சானை உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "வீட்டுல பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறிக்குவாரு," என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரல் தணிந்தது. "அவரு ஆடி நான் ஒரு தடவகூட பாத்ததில்ல தங்கச்சி."

அடுத்த நாள் பயிற்சிக்குக் கோல்கீப்பர் பூட்ஸோடு வந்தார் என்று அண்ணன் வந்து சொன்னார். அதில் ஆட்டு வாடை அடித்ததாம். "நானும் கூட வருவேன், அதுக்குச் சம்மதம்னா ஆடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாராம்.

எங்கள் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி நாளைத் தவிரப் பெண்கள் திடலுக்குப் போகிற வழக்கம் அப்போது இல்லை. முதல் ஆட்டத்துக்கு அக்கா துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். ஆண்கள் நிற்கும் ஓரத்தில் நிற்காமல் நேராகக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். முதலில் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றவர், பாதி ஆட்டத்துக்குள் தடுப்பாட்டக்காரர்களைப் பேர் சொல்லி விரட்ட ஆரம்பித்துவிட்டார். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கணினியில் பார்த்துப் பழகியிருந்தார். கோல்கீப்பர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த வெட்கமும் சந்தோஷமும் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் நாலைந்து பெண்கள் எங்களோடு வந்தார்கள்.

மூன்றாவது ஆட்டம் பெடாஸில். கணினி கால் உடைத்ததும் மூன்றாவது ஆட்டத்தில்தான், அக்காவின் அண்ணனுக்குக் கால் முறிந்ததும் அதே திடலில்தான். பிற்பாதியில் எதிரணி முன்னணி ஆட்டக்காரர் தன்னந்தனியாகப் பந்தோடு உள்ளே நுழைந்துவிட்டார். எங்கள் கோல்கீப்பர் ஓடிப்போய் அந்தக் கால்களுக்குள் பாய்ந்து விழுந்தார். இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

"எந்திரிச்சாரா? பாத்துச் சொல்லு."

"எந்திரிச்சிட்டாருக்கா."

"நொண்டுறாரா?"

"இல்லக்கா. நல்லாத்தான் நிக்குறாரு."

"பந்து?"

"கையில இருக்கு."

கண்ணைத் திறந்தார். "அப்புறம் என்ன நின்னுகிட்டு இருக்கீங்க? தூக்கி அடிங்கலா!" என்று அவர் போட்ட சத்தத்தில் நடுவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆட்டத்தில் வென்றோம்.

பருவம் முடிந்தபோது நாங்கள் நான்காவது இடம். கணினி எங்களை முதலிடத்தில் வைத்திருக்கிறது, கடைசியில் தள்ளியிருக்கிறது. நான்காவது என்று ஒரு தடவையாவது சொன்னதா என்று எனக்கு நினைவில்லை. கால் பிசகிப் பாதிப் பருவம் உட்கார்ந்தவர் வலது ஓரத்து ஆட்டக்காரர்தான். அவரைப் பற்றி எந்த ஓட்டத்திலும் கணினி மூச்சுவிடவில்லை. எண்களைக் கொஞ்சம் சரிசெய்தால் அடுத்த ஆண்டு சரியாக வரும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டு அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கும் கோலாலம்பூரில் வேலை கிடைத்துவிட்டது. கணினிகளோடுதான் அதற்குப்பின் என் பிழைப்பு. எத்தனையோ நல்ல இயந்திரங்கள் கைக்கு வந்து போய்விட்டன. அந்த முன்கூடத்துச் சாயங்காலங்கள்போல் எதுவும் வாய்க்கவில்லை.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் கோலா சாவாவில் நடந்தது. மழையில் ஆடித் தோற்றோம். திரும்பும்போது ஆட்டக்காரர்கள் எல்லாம் லாரியின் பின்னால் படுதாவுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் கோல்கீப்பர் ஓட்ட, நான் கதவோரம், அக்கா நடுவில். ரந்தாவ் முச்சந்தி வரும்வரை அக்காவின் வாய் ஓயவில்லை.

"ரெண்டாவது கோலுக்கு நீங்க முன்னால வந்திருக்கணும். கோட்டுலயே நின்னுட்டீங்க. எத்தன தடவ சொல்றது?"

கோல்கீப்பர் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா தங்கச்சி? அடுத்த வருசம் நான் வெளிய நிக்கிறேன், இவளையே கோல்ல நிக்கச் சொல்லு," என்றார்.

"நின்னா பந்து உள்ள போகாது," என்றார் அக்கா. ஈரத் துண்டை எடுத்து அவர் நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டார்.