அத்தாயி விரட்டாத குரங்கு

அத்தாயி வாயைத் திறந்தால் கரடியூர்க் குரங்குகளுக்கெல்லாம் குலை நடுங்கும். எஸ்டேட் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு அவள்தான் காவல். தகரத்தைத் தட்டிக்கொண்டு, "வந்துட்டீங்களா, உங்கப்பன் ஊட்டுச் சொத்தா இது!" என்று கத்தினால் ஒன்று மிச்சமில்லாமல் ஓடும். அப்பேர்ப்பட்டவள் எண்பத்திரண்டாம் வருசத்து மார்கழியில் ஒரே ஒரு பெண் குரங்கிடம் தோற்றுப்போனாள்.

அது செத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. குளிர் தாங்காமல் செத்திருக்கும், பாவம். கூட்டம் போன பிறகும் வேலியோரம் உட்கார்ந்து குட்டிக்கு ஈ விரட்டும், பேன் பார்க்கும். அத்தாயி தகரத்தைக் கீழே வைத்துவிட்டாள். நாலு பழத்தை அதன் பக்கம் உருட்டியும் விட்டாள். அது தொடவில்லை.

நாற்றம் ஏறவும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கந்தசாமி வந்து மூக்கைப் பொத்தினார். "மாதையா, அதைப் பிடுங்கிப் பொதைச்சுடுய்யா."

அத்தாயியின் புருஷன் மாதையன் தடியை எடுத்தான். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அவளா எறக்கி வெக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுங்க. பிடுங்குனா என்னாகும்னு எனக்குத் தெரியும்."

மாதையன் தடியைக் கீழே போட்டுவிட்டான். கல்யாணமான மறுவருசம் பிறந்த ஆண்பிள்ளை ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. பெற்றவள் பார்த்தால் அடுத்த பிள்ளை நிலைக்காது என்று வீட்டுப் பெரியவர்கள், அவள் கண் அசந்த நேரத்தில் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளையும் பிறக்கவில்லை. புருஷனும் கூடப் போயிருப்பான் என்றே நினைத்திருந்தாள்; எங்கே புதைத்தான் இந்த மனுசன் என்று வருசக்கணக்காக உள்ளுக்குள் வெந்தாள். ஊர் வம்பையெல்லாம் விலைக்கு வாங்கும் வாய்தான், இதை மட்டும் கேட்க வரவில்லை.

ரைட்டர் முணுமுணுத்துக்கொண்டே போனார். குட்டி காய்ந்து வெறும் தோலாகிற வரை அத்தாயி காவலிருந்தாள். ஒருநாள் காலையில் தாய்க்குரங்கு குட்டியைச் சில்வர் ஓக் மரத்தடியில் கிடத்தியது. கொஞ்ச தூரம் போகும், திரும்பி வந்து முகர்ந்து பார்க்கும், மறுபடி போகும். கடைசியில் வரவேயில்லை.

மாதையன் குழி வெட்டினான். அத்தாயியே குட்டியை எடுத்து உள்ளே வைத்தாள். மண்ணைத் தள்ளும்போதுதான் கேட்டாள்.

"நம்ம புள்ளைய எங்க வெச்சீங்க?"

மாதையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"தெரியாது புள்ள. எங்கப்பனும் சித்தப்பனுந்தான் தூக்கிட்டுப் போனாங்க. என்னைய ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. எங்கன்னு சொல்லாமலே ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. நீ என்னைக்காச்சும் கேட்டுருவியோன்னு பயந்துட்டே இருந்தேன்."

"அட மனுசா, நீங்களும் பாக்கலீங்களா!" என்று அத்தாயி அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.