எஞ்சின் சத்தத்தில் கற்ற மொழி

என் மகளோடு பேசுவதற்காக நான் ஜெர்மன் கற்றுக்கொண்டேன். இதைச் சொன்னால் காசிமேட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விசைப்படகில் எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு அந்த மொழி எதற்கு என்று எனக்கே சில நாள் தோன்றியதுண்டு.

மனைவி நர்ஸ். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து முதலில் தனியாகப் போனாள். வீடு அமைந்ததும் மகளையும் அழைத்துக்கொண்டாள். அப்போது குழந்தைக்கு நான்கு வயது. திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. மீன் கூடைக்காரியிடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேரம் பேசுவாள். படியாவிட்டால் "போய்க்கினே இரு" என்பாள். அந்த வாயைத்தான் விமானம் ஏற்றி அனுப்பினேன்.

அங்கே பகலெல்லாம் பள்ளிக்கூடம். மாலையில் பக்கத்து வீட்டு ஜெர்மன்கார அம்மாள் பார்த்துக்கொள்வாள். மனைவி வேலை முடிந்து வரும்போது அவளுக்குப் பேசத் தெம்பிருக்காது. வீடியோ காலில் ஒவ்வொரு தடவையும் மகளின் தமிழ் கொஞ்சம் குறைந்திருக்கும். "சாப்ட்டியா?" என்றால் தலையாட்டுவாள். "இன்னா சாப்ட்ட?" என்றால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா கேட்டு, அம்மா சொல்லி, அதற்குள் என் கேள்வியே ஆறிப்போய்விடும். பெற்ற பெண்ணிடம் பேச எனக்கு நடுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வூட்ல தமிழ்ல பேசேன், கொயந்த மறந்துகினே போவுது பாரு" என்றேன் மனைவியிடம்.

"பேசாமயா கீறேன்? தூக்கத்துல கூட அந்த பாஷைலதான் பொலம்புது மாமா. நான் இன்னா பண்றது?" என்றாள். அவளையும் குறை சொல்ல முடியவில்லை.

மொழி கற்றுத்தரும் ஆப் ஒன்றைச் செல்போனில் இறக்கினேன். மனைவிக்குச் சொல்லவில்லை. அதில் தமிழ் வழியாக ஜெர்மன் கிடையாது, இங்கிலீஷ் வழியாகத்தான். எனக்கு இங்கிலீஷே அரைகுறை. சில சொற்களுக்குத் தொண்டையில் மீன் முள் சிக்கியதுபோல ஒரு சத்தம் எழுப்ப வேண்டும். குப்பத்து வீட்டில் உட்கார்ந்து அப்படிச் சத்தம் போட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். அதனால் படகில் படித்தேன். துறைமுகம் தாண்டிச் சிக்னல் அறுந்துபோகிற வரைக்கும் ஒரு பாடம், திரும்பி வரும்போது இன்னொன்று.

ஆப் ஒரு வாக்கியம் சொல்லும். நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எஞ்சின் இரைச்சலில் சாதாரணமாகச் சொன்னால் அதற்குக் கேட்காது, சிவப்பு விழும். கத்தினால் பச்சை. அடிவயிற்றிலிருந்து கத்தினால் பச்சையோடு கைதட்டலும் கிடைக்கும். நானும் கைதட்டலுக்கு ஆசைப்பட்டுக் கத்தினேன்.

"இன்னா மாமு, மீனுக்கு பாஷை கத்துக்குடுக்கிறியா? இருக்கற மீனும் ஓடிடப் போவுது" என்று வலை இழுக்கிறவன் கிண்டல் பண்ணுவான்.

கத்துவது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. கடலில் மெதுவாகப் பேசினால் அடுத்தவனுக்குக் கேட்காமல் கயிற்றில் கை மாட்டிப் போய்விடும். கரைக்கு வந்தாலும் அதே தொண்டைதான். கொஞ்சுவதும் அதில்தான், சோறு கேட்பதும் அதில்தான். குப்பத்தில் ஒருவன் தணிந்த குரலில் பேசினால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். என் மகளும் அந்தச் சத்தத்துக்குள் பிறந்து, அதற்குள்ளேயே தூங்கி வளர்ந்தவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதும், இனி பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போனை ஜன்னலில் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டேன். மகள் மேஜையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. நான் ஜெர்மனில் ஆரம்பித்தேன். நான் உன் அப்பா. உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று பெரிய மீன் பிடித்தேன். நீ என்ன சாப்பிட்டாய்? எல்லாம் படகில் கைதட்டல் வாங்கிய வாக்கியங்கள். அங்கே எப்படிச் சொன்னேனோ அப்படியே சொன்னேன். எனக்கு அந்த மொழியை வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். மகள் கையிலிருந்த கலர் பென்சில் கீழே விழுந்தது. இரண்டு காதையும் மூடிக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனாள். அங்கிருந்தபடியே அம்மாவிடம் சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்பாவுக்கு என்மேல ஏன் கோபம்?"

அதில் 'அப்பா' மட்டும்தான் தமிழ். மற்றதெல்லாம் ஜெர்மன். கோபம், பசி, களைப்பு எல்லாம் ஆப்பில் ஒரே பாடத்தில் வரும். யாரும் எடுத்துச் சொல்லாமல், என் பெண் அந்த மொழியில் பேசி எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது.

கோபம் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியும். அதற்கும் பச்சை வாங்கியிருக்கிறேன். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. கடலில் எத்தனையோ புயலைப் பார்த்தவன், என் குழந்தையின் முன்னால் வாய் திறக்கப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

நான் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் பண்ணி ஒப்பித்தேன் என்றுதான் மனைவி நினைத்திருக்க வேண்டும். பின்னால் கையை விட்டுக் குழந்தையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா சூப்பரா பேசறாருன்னு சொல்லுது மாமா. வெக்கப்பட்டுகினு பின்னால நிக்குது."

"அப்பிடியா" என்றேன்.

"நெஜமா. அதுக்கு ரொம்ப சந்தோசம்."

அவள் கண் கலங்கியிருந்தது. நானும் சிரித்தேன். குழந்தை சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.